செம்பருத்தி எண்ணெய் ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கடையில் செம்பருத்தி எண்ணெய் வாங்கினேன். நல்ல ரத்தச் சிவப்பு. வீட்டில் நானே தேங்காய் எண்ணெயில் பூவைப் போட்டுக் காய்ச்சினால் அந்த நிறம் வரவே மாட்டேன் என்கிறது. என் பக்குவம் சரியில்லையா, கடை எண்ணெயில் சாயமா? - வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. செம்பருத்தியின் சிவப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள், பளிச்சென்று சிவக்கும். எண்ணெயில் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இதழ்தான் கருகும். கறிவேப்பிலையின் பச்சை நேர்மாறு, எண்ணெயில் இறங்கிவிடும். சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதுவும் இந்தக் கணக்குதான். பிசின் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும்.

சரி, கடை எண்ணெய்க்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெம்பாளம்பட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு துண்டைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வைத்தாலே சிவந்துவிடும். அது தப்பில்லை, ஆனால் அந்த நிறத்தைச் செம்பருத்தியின் கணக்கில் எழுதி விலை ஏற்றுவது தப்பு. இன்னொரு சாத்தியம், எண்ணெயில் கரையும் செயற்கைச் சாயம். கொஞ்சம் எண்ணெயைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஊற்றிக் குலுக்குங்கள். நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ திரும்பினால் பட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது வீட்டுச் சோதனைதான், ஆய்வுக்கூட முடிவல்ல.

பாட்டிலில் சேர்மானப் பட்டியல், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லோடு கடையில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கேள்வி: பூஜைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தேய்க்கலாமா? - வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். கற்பூரம் எண்ணெயில் நன்றாகவே கரையும், சிக்கல் அதிலில்லை. அது எரிப்பதற்காக விற்கப்படுவது, தோலுக்கென்று செய்ததல்ல. அப்புறம், கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கரைத்து வைத்த பாட்டில் இருந்தால் அதையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சளி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.