சிறிய அளவில் அக்வேரியம் கடை நடத்துவதில் என்னென்ன சிரமங்கள் இருக்கின்றன?

சில வருடங்களாகச் சின்னதாக ஒரு வண்ண மீன் கடை நடத்தி வருகிறேன். வாடகை, முதலீடு போன்றவை எந்தக் கடைக்கும் உள்ள கவலைகள்தான், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் சரக்குக்கு உயிர் இருக்கிறது. விற்ற பிறகும் அது உயிரோடு இருக்க வேண்டும். மற்ற எல்லாச் சிரமங்களும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

மீன் வந்து இறங்கும் நாளே முதல் சோதனை. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று அடைத்து, பல மணி நேரப் பயணத்துக்குப் பிறகு வந்து சேரும். ஆரம்பத்தில் எல்லாப் பைகளையும் உடனே அவிழ்த்து, தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவேன். நிதானமாகச் செய்தால் மீனுக்கு நல்லது என்று நம்பினேன். ஒருமுறை மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது பாதி டெட்ரா மீன்கள் அடியில் செத்துக் கிடந்தன.

காரணம் பிறகுதான் புரிந்தது. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரின் பிஹெச்சை, அதாவது அமில-கார அளவை, இறக்கிவிடும். அதனால் கழிவில் வரும் அம்மோனியாவின் பெரும்பகுதி, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, அந்த அம்மோனியமே நஞ்சான அம்மோனியாவாக மாறிவிடும். நான் மெதுவாகப் பழக்கிய அந்த ஒரு மணி நேரமும் மீன்கள் நஞ்சில்தான் நீந்தின. இப்போது கட்டை அவிழ்க்காமல் பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்கிறேன். திறந்ததும் வலையில் அள்ளி மாற்றிவிடுகிறேன். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதே இல்லை.

அடுத்தது நோய். புது மீனைக் குறைந்தது 2 வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த 2 வாரமும் தீனி செலவு உண்டு, வரவு கிடையாது. "அந்தத் தொட்டியில் இருப்பதுதான் வேண்டும்" என்று ஆசையாகக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல மனம் சங்கடப்படும். ஆனாலும் வெண்புள்ளி நோய் ஒரு மீனோடு உள்ளே வந்தால் தொட்டி முழுக்கப் பரவிவிடும். மீனின் உடம்பில் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, அடியில் போய்ப் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும் கட்டத்தில்தான் மருந்து வேலை செய்யும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே பில்டர் போட்டால் வேலை மிச்சம் என்பார்கள். நான் தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், ஒரு வலை என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.

கரண்ட் போனால் ஏர் பம்ப் நிற்கும், நெருக்கமாக மீன் உள்ள தொட்டிகளில் மூச்சு முட்டும். அதனால் பேட்டரி பம்ப் கட்டாயம் வேண்டும், கரண்ட் வரும்வரை தீனியும் போடக் கூடாது. விடுமுறை என்று கடையைப் பூட்டினாலும் யாராவது ஒருவர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பில்டர், லைட், தீனி டப்பா எல்லாம் ஆன்லைனில் நம்மைவிட மலிவாகக் கிடைக்கும், அந்தப் போட்டியில் சின்னக் கடை ஜெயிப்பது கடினம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடக் கடினம் வாடிக்கையாளரை வெறும் தொட்டியோடு வீட்டுக்கு அனுப்புவதுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். தொட்டியும் மீனும் இன்றைக்கே வேண்டும் என்பார்கள். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் (இரண்டுமே மீனுக்கு நஞ்சு), அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்காது. அவை வளர 4 முதல் 6 வாரம் ஆகும். கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் தண்ணீரில் மீன் சாகும் என்றால் யாரும் எளிதில் நம்புவதில்லை. அன்றே மீனைக் கொடுத்தால் அன்றைய வியாபாரம் நடக்கும், சில நாளில் "உங்கள் மீன் செத்துவிட்டது" என்று வருவார்கள். அதைவிடப் பலர் திரும்பி வருவதே இல்லை, தொட்டி பரணில் ஏறிவிடும். அந்தப் பிள்ளைக்கு மீன் வளர்ப்பு அத்தோடு முடிந்தது.

அதனால் தொட்டியை மட்டும் கொடுத்து, நோயில்லாத ஒரு தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, ஈரம் காயாமல் கையோடு அனுப்புகிறேன். அதைக் குளோரின் இல்லாத தண்ணீரில் பில்டருக்குள் வைத்து, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வரச் சொல்வேன். பாக்டீரியா சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தால் காசு வாங்காமல் சோதித்துத் தருகிறேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டினால்தான் மீன், அதுவும் முதலில் நாலைந்து கப்பியோ பிளாட்டியோ மட்டும். தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வருபவர்களில் பெரும்பாலானோர் இன்றும் என்னிடம்தான் வாங்குகிறார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பொருளையும் சேர்த்துத்தான்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இன்னொரு இடம், வளரும் மீன்கள். விரல் நீளத்தில் விற்கப்படும் ரெட்டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. பாசி தின்னும் என்று சின்னத் தொட்டிக்கு வாங்கிப்போகும் சக்கர் மீன் 40 சென்டிமீட்டரைத் தொடும். கிண்ணத்துக்குக் கேட்கப்படும் தங்க மீன் நல்ல இடம் கிடைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும். ரெட்டெயிலை நான் வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டேன். வளர்ந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்பவருக்கு என்னிடமும் இடமில்லை, ஏரியில் விடச் சொல்லவும் முடியாது.

நீங்கள் கடை ஆரம்பிப்பதாக இருந்தால், திறப்பு நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே எல்லாத் தொட்டிகளையும் தண்ணீர் நிரப்பி, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஓட விடுங்கள். முதல் பை மீன் வருவதற்குள் உங்கள் பில்டர்களில் பாக்டீரியா தயாராக இருக்கட்டும்.