முன்னால் மிதிக்கும்போது மட்டும் நெஞ்சு இறுகினால்...

குழுவோடு சைக்கிளில் போகும்போது ஒன்றுமில்லை, தனியாகப் போனால் ஏற்றத்தில் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது, அப்படியென்றால் இது தனிமைப் பயம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. இதயத்தைச் சோதித்துப் பார்க்கும் வரை சைக்கிளைத் தொடாதீர்கள்.

குழுவில் இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகும்போது எதிர்காற்றை அவர் வாங்கிக்கொள்கிறார். அதே வேகத்தில் போக உங்களுக்குக் கால் பங்கு உழைப்பு, சில சமயம் அதற்கு மேலும் மிச்சமாகும். தனியாகப் போனால் அந்தக் காற்று முழுவதும் உங்கள் நெஞ்சில்தான். குழுவில்கூட உங்கள் முறை வந்து முன்னால் போனபோது "லேசாக அழுத்தியது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சுற்றிலும் பத்துப் பேர் இருந்தும் அழுத்தியிருக்கிறதே! இதயத்தின் மேல் ஏறிய சுமைதான் இரண்டு இடத்திலும் பொது.

கோடையில் இதே ஏற்றத்தைச் சிரமமில்லாமல் ஏறினேன் என்பதும் ஆறுதல் தரவில்லை. இலையுதிர்காலக் கடைசியில் புறப்படும்போது வெயில் இருக்கும், பாதி வழியில் குளிர்காற்றும் தூறலும் பிடித்துக்கொள்ளும். குளிர் பட்டதும் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். இதயத் தமனியில் எங்காவது அடைப்பு இருந்தால் அது முதலில் தெரிவது இந்த மாதிரி நாளிலாக இருக்கலாம்.

நண்பரின் இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தீர்களாம். ஏன்? குளிர்காற்றால் மூச்சுக்குழாய் சுருங்குவது உண்டு. ஆனால் அந்த இருமலும் இழுப்பும் பெரும்பாலும் மிதிப்பதை நிறுத்தி ஐந்து பத்து நிமிடத்தில்தான் அதிகமாகும், அடங்க அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். உங்களுக்கு நின்றதுமே குறைகிறது. அந்த மருந்து இதயத் துடிப்பை வேகப்படுத்தும்; உங்கள் நிலையில் அது வேண்டவே வேண்டாம். முழங்கால் வலிக்காகப் புறப்படுமுன் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள். இதய நோயாளிக்கு ஆகாத மாத்திரை அது.

கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது உண்மையான கேள்வி: அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு, உங்களுக்கு இப்போது 49. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே வந்திருந்தால் மருத்துவர்களாகிய நாங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அதனால் அவருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று ஆகிவிடாது. அவருக்கு முன்கூட்டியே கிடைக்காத எச்சரிக்கை உங்களுக்குக் கிடைத்திருக்கலாம். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஓய்வில் இருக்கும்போது ஈசிஜி சுத்தமாக இருந்தும் அடைப்பு இருக்கலாம். ஏற்றம், எதிர்காற்று, நின்றால் விடுகிறது என்று எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் சோதனையா, இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அதற்குள் ஓய்வில் இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்று சில நிமிடமாகியும் விடாவிட்டாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகக் கூடாது.

நீங்கள் கேட்ட மற்றவை சின்ன விஷயங்கள். குளிர்காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது மூக்கின் வேலை, அதனால்தான் மூக்கு ஒழுகுகிறது. நுரையீரல் உறைந்துவிடும் என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். காற்று அங்கே போய்ச் சேர்வதற்குள் உடல் சூட்டுக்கு வந்துவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது ஹேண்டில்பாரில் உள்ளங்கை நரம்பு அழுந்துவதால். பிடியை அடிக்கடி மாற்றுங்கள், மெத்தை வைத்த கையுறை போடுங்கள். அப்படியும் மணிக்கணக்கில் மரத்தே இருந்தால் காட்டுங்கள். மழையில் நனைந்ததால் மட்டும் சளி பிடிக்காது, அது வைரஸின் வேலை. ஆனால் நனைந்த உடையோடு எதிர்காற்றில் நீண்ட இறக்கம் இறங்கினால் உடல் சூடு வேகமாகக் குறையும், ஆகவே காற்றுப் புகாத மெல்லிய மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

மறுபடி சைக்கிளில் ஏறுவது இதய மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகுதான். அப்போதும் முதல் சில வாரம் குழுவோடு, பின்வரிசையில் போங்கள். முதல் கால் மணி நேரம் மெதுவாக மிதித்து உடம்பு சூடான பிறகு ஏற்றத்துக்குப் போகலாம்.