எம்சி எடுத்தவரைத் திட்டிவிட்டேன், இப்போது யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை: பதில்

தம்பி, காய்ச்சலுக்கு இரண்டு நாள் எம்சி (டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் மருத்துவ விடுப்பு) எடுத்தவரை, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "தன்மையாக இருந்தால் தலையில் ஏறிவிடுவார்கள்" என்று உங்கள் மேனேஜர் சொன்னது தவறு. சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு சட்டப்படியே உண்டு. அவர் சலுகை கேட்கவில்லை.

நானும் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தபோது கத்துகிறவன்தான். ஒருநாள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடித்து, சரக்கு அடுக்கும் ரேக்கின் கால் வளைந்துவிட்டது. ஓட்டியவர் பயந்துபோய் அட்டைப் பெட்டிகளை வைத்து அதை மறைத்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். மேலே முழுச் சரக்கு, கீழே ஆட்கள் நடக்கும் வழி! கை நடுங்கிவிட்டது. அன்றோடு கத்துவதை விட்டேன். அப்புறம் சின்னக் கீறல் என்றாலும் அவர்களே வந்து சொன்னார்கள்.

தாமதம், அலட்சியம் என்றால் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தனியாகக் கூப்பிட்டு, உட்கார வைத்துப் பேசுங்கள். இப்போதைக்கு, எல்லார் முன்னாலும் திட்டினீர்கள் இல்லையா, மன்னிப்பையும் அங்கேயே கேளுங்கள். அதற்கு முன் உடம்பு தேவலையா என்று அவரிடம் விசாரியுங்கள்.