திரைப்பதிவில் பாடம்: ஒரு பதிவுக்கு ஒரு கணக்கு

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் நடத்தும் பாடத்தையே போனில் திரைப்பதிவு செய்து, குரலும் சேர்த்து 40 நிமிட வீடியோவாக அனுப்புகிறேன். பாதிக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. குரலும் சரியாகக் கேட்கவில்லையாம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நீளத்தைக் குறையுங்கள். எட்எக்ஸ் (edX) என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வீடியோக்களை மாணவர்கள் 69 லட்சம் முறை பார்த்த பதிவுகளை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அதனால் ஒரு பதிவுக்கு ஒரு கணக்கு போதும். பழைய வீடியோவைத் துண்டு போட வேண்டாம், அந்தக் கணக்குக்காகவே புதிதாகப் பேசுங்கள்.

அதைவிட முக்கியம், என்ன பேசுகிறோம் என்பது. திரையில் இருக்கும் வரியையே வாசித்தால் பிள்ளைக்கு அலுத்துவிடும்; அதை அவர்களே படித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரியாதது, எழுதும்போது உங்கள் மனதில் ஓடுவதுதான். காரணிப்படுத்தும் கணக்கு என்றால், "பெருக்கினா 6, கூட்டினா 5 வரணும். 6, 1 எடுத்தா கூட்டல் 7 ஆயிடுது, வேண்டாம். 2, 3 பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே எழுதுங்கள். தவறான முயற்சியை அடித்துவிட்டு மேலே போவதும் பதிவில் இருக்கட்டும். எனக்கு அதுதான் பாடமே என்று தோன்றுகிறது.

குரலுக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக் உள்ள சாதாரண ஹெட்செட்டில் பேசினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவு வசதி போனிலேயே உண்டு. தொடங்கும்முன் ஒலிக்கு மைக்ரோபோனைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரலே பதிவாகாமல் போகலாம். பத்து விநாடி பேசிச் சோதித்துக்கொள்ளுங்கள். 'தொந்தரவு செய்யாதே' வசதியையும் போட்டுவிடுங்கள். வங்கியின் ஓடிபி வந்தால் அதுவும் பதிவாகி வகுப்பு முழுக்கப் போய்விடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி எழுத்து மங்கினால், டாக்குமென்ட்டாக அனுப்பிப் பாருங்கள்.

அப்புறம், இதே கருவியை நோட்டுத் திருத்தவும் பயன்படுத்தலாம். மாணவர் அனுப்பிய விடையின் படத்தைத் திரையில் திறந்து, "இந்த வரி வரைக்கும் சரி, இங்கேதான் மைனஸ் விட்டுப்போச்சு பாரு" என்று வட்டமிட்டுக்கொண்டே பேசி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து பேர் என்று தொடங்கலாம்.