வானத்தை நீங்கள் ஏன் தொட்டீர்கள்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட ஓவியப் போட்டியில் இந்த முறை ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் அவள் வரைந்த படங்களைப் பார்த்த எல்லோரும் முதல் பரிசு நிச்சயம் என்றார்கள். (வானத்தை மட்டும் நான் கொஞ்சம் சரிசெய்து கொடுப்பேன், மற்றதெல்லாம் அவளே.) போட்டியில் வானம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்களாம். ஓரவஞ்சனை நடந்திருக்குமோ? பொதுத்தேர்வு வேறு வருகிறது. போட்டிகளையே நிறுத்திவிடலாமா? பள்ளிக் கண்காட்சிக்கு மூன்று படங்கள் கேட்டிருக்கிறார்கள், அதையாவது கொடுக்கட்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நடுவர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, வானத்தைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. வீட்டில் நீங்கள் தொட்டுக் கொடுத்தது வானம். போட்டியில் சறுக்கியதும் வானம். இதில் நடுவர் எங்கே வந்தார்?

'கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு இயற்கைக் காட்சியில் பாதித் தாள் வானம். வாட்டர் கலரில் மிகக் கடினமான இடமும் அதுதான். மரத்தையும் வீட்டையும் இரண்டாவது தடவை தொட்டுத் திருத்தலாம். வானம் ஒரே மூச்சில் விழ வேண்டும். தப்பு செய்து தப்பு செய்துதான் கைக்கு அது வரும். அந்தத் தப்புகளைச் செய்ய நீங்கள் அவளை விடவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் பிரஷ்ஷை வாங்கும் ஒவ்வொரு தடவையும் 'உன்னால் முடியாது' என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஊரார் பாராட்டியபோது, பாதி தன்னுடையது அல்ல என்று தெரிந்தும் அவள் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பாரம்! பெற்றவள் செய்யக்கூடாத உதவி என்று ஒன்று உண்டு. இது அது.

வானம் எப்படி விழும் என்பதை எழுதுகிறேன். படித்துவிட்டு இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் செய்து காட்ட வேண்டாம்.

தாள் 300 ஜிஎஸ்எம் கனத்தில், தடிமனாக இருக்கட்டும். நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்க வேண்டும். பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்தால் போதிய சரிவு கிடைக்கும். ஏ3 தாளில் பாதி வானத்துக்கு நான்கு டீஸ்பூன் தண்ணீரில் பட்டாணி அளவு கோபால்ட் புளூ என்ற நீல வண்ணத்தை முன்கூட்டியே கரைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் கலவை தீர்ந்து புதிதாகக் கலக்கப் போனால், அதற்குள் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும். உங்கள் மகளுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கீழ் விளிம்பில் நீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்த நீரைத் தொட்டு இழுத்துக்கொண்டு வர வேண்டும். கீழே போகப் போக வெளிற வேண்டுமென்றால், ஒவ்வொரு வரிசைக்கும் கலவையில் ஒரு பிரஷ் சுத்தத் தண்ணீர் சேர்த்தால் போதும். கடைசி வரியில் மிஞ்சும் நீரைப் பிழிந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுக்காவிட்டால், அது மேலே ஏறி, பாதி காய்ந்த இடத்தில் ஓரம் பிசிறிய கறையாக நிற்கும். போட்ட இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. திட்டுக்கு முக்கால்வாசிக் காரணம், 'இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம்' என்று மறுபடி தடவுவதுதான்.

பென்சில் எச்பி போதும், அழுத்தக் கூடாது. வானப் பகுதியில் ரப்பரைத் தேய்த்தால் தாளின் மேற்பூச்சு போய், அந்த இடம் மட்டும் வண்ணத்தை அதிகம் குடித்துக் கறுத்துத் தெரியும்.

பல போட்டிகளில் தாளை அவர்களே முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் மெல்லிய டிராயிங் ஷீட், இவ்வளவு தண்ணீர் பட்டால் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கிவிடும். அதற்குப் போஸ்டர் கலர் நல்லது, மோர் பதத்தில். அதைவிடக் கெட்டியானால் காய்ந்ததும் வெடிக்கும், நீர்த்தால் பிரஷ் கோடு தெரியும். என்ன தாள் தருவார்கள் என்று முன்பே விசாரித்து அதிலேயே பழக வேண்டும். இரண்டு மணி நேரப் போட்டியென்றால் முதல் பத்து நிமிடம் தீப்பெட்டி அளவில் மூன்று சின்ன வரைவுகள், பிறகு பென்சில், அப்புறம் முதல் வண்ணமே வானம். அது மின்விசிறிக் காற்றில் காயவே கால் மணி நேரம் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

போட்டிகளை நிறுத்தவா என்கிறீர்கள். தோற்ற கையோடு பொதுத்தேர்வைக் காரணம் காட்டாதீர்கள், அது அவளுக்கு அவமானம். மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு வானம், அவ்வளவு போதும். மத்திய அரசு 2015இல் தொடங்கிய கலா உத்சவ் என்ற பள்ளிக் கலைப் போட்டி 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவும் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறது. அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நாளை சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர நினைத்தாலும், அங்கே சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அந்த அறைக்குள் உங்களை விடமாட்டார்கள்.

அவள் வரையும் ஒரு மணி நேரமும் நீங்கள் அடுப்படியில் இருங்கள். தம்பியோ தங்கையோ மேசையை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டால் ஒழிய அபிப்பிராயம் சொல்லாதீர்கள். அதற்கு முன், "வானத்தை நான் தொட்டிருக்கக் கூடாது" என்று அவளிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். பெற்றவர்கள் பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டால் மரியாதை குறையாது.

கண்காட்சிக்கு, உங்கள் கை பட்ட படம் ஒன்றுகூட அவள் பெயரில் போகக் கூடாது. மூன்று படம் தேறவில்லை என்றால், இரண்டுதான் இருக்கிறது என்று ஓவிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். போட்டியில் வரைந்த அந்தப் படம் திரும்பக் கிடைத்திருந்தால் திட்டுகளோடு அதையே கொடுங்கள், அது முழுக்க அவளுடையது.