இங்கிலாந்தில் பழைய மாளிகையும் கார் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இருக்கிறதாமே, ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்க்கலாமா?

ஆகஸ்டில் குடும்பத்தோடு லண்டன் வருகிறீர்கள், எட்டு வயது மகனுக்குக் கார் பைத்தியம், மனைவிக்குப் பழைய மாளிகைகள் பிடிக்கும், லண்டனுக்கு வெளியே போய்வர ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட இடம் ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் இருக்கும் பியூலி. போகலாம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பாதி நாளை வீணாக்கினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும்.

இந்த ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் எப்படியும் தப்பாகத்தான் வாயில் வரும். பிரெஞ்சில் 'அழகிய இடம்' என்று பொருள், ஆனால் உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'பியூலி'. அந்தப் பக்கம் 'பியூலி ரோடு' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்கினேன். ரயில் போன பிறகு சுற்றிப் பார்த்தால் ஒரு ஓட்டல், குதிரைச் சந்தை நடத்தும் மரப் பட்டி, மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் புதர்க்காடு. ஊர் அங்கிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். நடந்தே போனேன். வழியில் பேச்சுத் துணைக்கு நியூ ஃபாரஸ்ட் மட்டக் குதிரைகள்தான். நீங்கள் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஏறி ப்ரோக்கன்ஹர்ஸ்டில் இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டாக்ஸி, அதையும் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு போவதானால் காட்டுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். குதிரையும் கழுதையும் சாலை நடுவில் நிற்கும், ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. பியூலி கடைத்தெருவில் ஒரு கழுதை எங்கள் டாக்ஸிக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் யோசித்தது. டிரைவரும் பேசாமல் இஞ்சினை அணைத்துவிட்டார்.

இரண்டாவது முறை போனது மாமனாரோடு. கரூர்க்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரண்மனை, மியூசியம் என்றால் "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க உக்காந்துக்கறனுங்க" என்று பெஞ்சைத் தேடுகிற ஆள். அவரை மாலை வரை நடக்க வைத்த இடம் இது.

ஒரே டிக்கெட்டில் கார் அருங்காட்சியகம், பாலஸ் ஹவுஸ் என்ற மாளிகை, பழைய மடாலயத்தின் மிச்சம், தோட்டங்கள், மோனோரயில் எல்லாம் அடக்கம். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் முழுக்கக் கார் கட்டடத்துக்குள் ஓடும். உங்கள் மகனும் இழுப்பான். முடிந்தால் அவனை மோனோரயிலில் ஏற்றி ஏமாற்றுங்கள். 1974 முதல் ஓடுகிற அது கார் அருங்காட்சியகக் கட்டடத்தின் உள்ளேயே, தலைக்கு மேலாகப் புகுந்து வெளியே வரும். மேலிருந்து எல்லாக் காரையும் ஒரு கண்ணோட்டம் விட்டான் என்றால் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வான். அந்த ஒரு மணி நேரத்தில் மடாலயத்தையும் மாளிகையையும் பார்த்துவிடலாம்.

மடாலயம் 1204 வாக்கில் ஜான் மன்னன் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவப் பிரிவுத் துறவிகளுக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது. துறவிகளைக் குதிரைகளை விட்டு மிதிக்கச் சொன்ன மன்னனுக்கு அன்றிரவு அவர்களிடம் சவுக்கடி வாங்குவதாகக் கனவு வந்ததாம், பயந்துபோய் நிலம் கொடுத்தானாம். கதைதான். 1538-ல் எட்டாம் ஹென்றி மடாலயங்களை ஒழித்தபோது இதுவும் போயிற்று. இடத்தை வாங்கிய தாமஸ் ரையத்ஸ்லியின் வழியில்தான் இன்றைய மாண்டேகு குடும்பம் வருகிறது. நூறு மீட்டர் நீளத்துக்கு நின்ற பெரிய தேவாலயத்தை இடித்து, கல்லை எல்லாம் கடற்கரைக் கோட்டைகள் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது புல்தரையில் அதன் அடித்தள வரைவு மட்டும் தெரியும்.

தப்பித்தவை இரண்டு. ஒன்று, மடாலயத்தின் வாயில் கட்டடம். அதையே பெரிதாக்கி, 19-ஆம் நூற்றாண்டில் மேலும் ஒட்டுப்போட்டு, வீடாக்கியதுதான் பாலஸ் ஹவுஸ். கீழ்க் கூடத்தில் நின்று மேலே பார்த்தால் விதானம் வீட்டு விதானமாக இருக்காது, கோட்டை வாசலின் கல் வளைவுகளாக இருக்கும். வேலைக்காரர், சமையற்காரர் வேடத்தில் ஆட்கள் நின்று வீட்டுக் கதை சொல்வார்கள். அடுக்களையின் செப்புப் பாத்திரங்களை உங்கள் மனைவி விட்டு வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, துறவிகளின் சாப்பாட்டுக் கூடம். இன்று அதுதான் ஊர்த் தேவாலயம். சாப்பாட்டுக் கூடமாகக் கட்டியது என்பதால் கிழக்கு மேற்காக இல்லாமல் வடக்கு தெற்காக நிற்கிறது. சுவரின் தடிமனுக்குள்ளேயே படிக்கட்டு ஏறிப் போகிறது. அது முடிகிற இடத்தில் ஒரு கல் மேடை. எல்லோரும் வாய் பேசாமல் சாப்பிட, ஒருவர் மட்டும் அங்கே நின்று வேதம் படிப்பார். மாமா அந்தப் படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "படிச்சவருக்கு எப்பச் சோறு போட்டிருப்பாங்க?" என்று கேட்டார். யாரிடம் கேட்பது?

இந்தத் தேவாலயத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள். அதன் கதை கொஞ்சம் நீளம், நம் நாட்டுப் பக்கம் வருகிற கதையும்கூட.

இந்த மாளிகைக் குடும்பத்தின் இரண்டாம் பாரன் (பிரபு) மாண்டேகு, பெயர் ஜான், இங்கிலாந்தில் கார் என்பதே பணக்காரர்களின் கிறுக்காக இருந்த காலத்தில் அதற்காக வாதாடியவர். 1899-ல் நாடாளுமன்ற வளாகத்துக்குள் தன் டைம்லர் காரை ஓட்டிப் போனார். காவலர் தடுத்ததும் அவைத் தலைவர் வரை முறையிட்டு உள்ளே போனார். அதற்கு முன் எந்த உறுப்பினரும் காரில் அங்கே வந்ததில்லை. 1902-ல் கார்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்த அலுவலகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் எலினோர் தார்ன்டன். அதே பத்திரிகைக்குப் படம் வரைந்தவர் சிற்பி சார்லஸ் சைக்ஸ். மாண்டேகுவுக்குத் திருமணமாகியிருந்தது. எலினோரோடும் அவருக்கு உறவு இருந்தது. ஒரு மகள் பிறந்து வேறோர் இடத்தில் வளர்ந்தாள். மாண்டேகுவின் ரோல்ஸ் ராய்ஸ் முகப்பில் வைக்க சைக்ஸ் ஒரு சிறு சிலை செய்துகொடுத்தார். உதட்டில் விரல் வைத்து நிற்கும் பெண், பெயர் 'விஸ்பர்'. நம் மொழியில் 'கிசுகிசு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே அவரிடம் கேட்டுத் தன் எல்லாக் காருக்குமாக ஒரு சிலை வாங்கியது. 1911 முதல் அந்தக் கார்களின் மூக்கில் முன்னோக்கிச் சாய்ந்து, ஆடை பின்னால் பறக்க நிற்கிறாளே, அவள்தான். அந்த உருவத்துக்கும் எலினோரே மாதிரி என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

முதல் உலகப் போரில் மாண்டேகுவை இந்திய அரசுக்கு மோட்டார்ப் போக்குவரத்து ஆலோசகராக அனுப்பினார்கள். 'பெர்சியா' என்ற கப்பலில் பம்பாய்க்குப் புறப்பட்டார், எலினோரும் உடன் வந்தார். 1915 டிசம்பர் 30, பகல் சாப்பாட்டு வேளை. கிரீட் தீவுப் பக்கம் கப்பல் போகும்போது ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று எச்சரிக்கையே கொடுக்காமல் டார்பிடோ விட்டது. சில நிமிடங்களில் கப்பல் முடிந்தது. 519 பேரில் 330 பேருக்கு மேல் போனார்கள், கப்பலில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகள் உட்பட. எலினோரும் போனார். மாண்டேகு போட்டிருந்தது காற்று ஊதிக்கொள்ளும் மார்ச்சட்டை. உடைந்த படகு ஒன்றைப் பிடித்து ஒரு நாளுக்கு மேல் கிடந்து உயிர் தப்பினார். கரை சேர்ந்த பிறகு தன் இரங்கல் குறிப்பைத் தானே பத்திரிகையில் படித்தார்.

உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லி, எலினோரின் பெயரையும் பொறித்து அவர் வைத்த கல்தான் அது. மனைவி மக்களோடு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிற ஊர்த் தேவாலயத்தில், அந்தக் காலத்தில். மாமாவுக்கு இந்தக் கதையை நான் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வீட்டம்மா பேர் என்னங்க?" என்றார். செசில் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

சரி, காருக்கு வருவோம். ஜான் இறந்த 1929-ல் மகன் எட்வர்டுக்கு இரண்டு வயதுதான். வளர்ந்து பொறுப்பேற்றபோது வீட்டைப் பராமரிக்கக் கையைக் கடித்தது. ஊரார் பணம் கொடுத்துப் பார்க்கும்படி பெரிய ஓவியமோ பொக்கிஷமோ வீட்டில் இல்லை. அப்பாவின் நினைவாக ஐந்து பழைய கார்களை முன்கூடத்தில் நிறுத்தி 1952-ல் கதவைத் திறந்துவிட்டார். வீடெல்லாம் ஆயில் வாசனை அடித்ததால் கார்கள் கொட்டகைக்குப் போயின, கொட்டகை பெருகி 1972-ல் இப்போதைய தேசிய மோட்டார் அருங்காட்சியகமாயிற்று. இன்றைக்கு 250-க்கு மேல் வண்டிகள்.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கால் வலிதான் மிஞ்சும். உங்கள் மகனை நேராக உலக வேகச் சாதனைக் கார்களிடம் கூட்டிப் போங்கள். சிவப்பாக, நத்தை போல நீண்டு கிடக்கும் சன்பீம், 1927-ல் ஹென்றி சீக்ரேவ் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் ஓட்டி, முதன்முறையாக மணிக்கு 200 மைலைத் தாண்டிய வண்டி. கூடவே 1929-ன் கோல்டன் ஆரோ, 1964-ல் டொனால்டு கேம்பல் ஆஸ்திரேலிய உப்பு ஏரியில் 403 மைல் வேகம் தொட்ட புளூபேர்டு. சன்பீமுக்கு டிரைவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு விமான இஞ்சின்கள். மாமா குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தவர் நிமிரவே இல்லை. "ஏனுங்க மாப்பிள்ளை, இது செயினுங்களா?" செயின்தான். சைக்கிளைப் போலப் பின்சக்கரத்துக்குச் செயின் வழியாகத்தான் சக்தி போகிறது. "320 கிலோமீட்டர்ல செயின் அறுந்தா நேரா கழுத்துக்குத்தான் வரும்" என்றார். புளூபேர்டின் வழவழப்பு அவரைக் கொஞ்சமும் அசைக்கவில்லை.

அப்புறம் ஜாக் டக்கர் கராஜ். 1930-களின் கிராமத்து ஒர்க்ஷாப்பை அப்படியே அமைத்திருக்கிறார்கள், சாமான்கள் அத்தனையும் நிஜமான பழைய பட்டறைகளிலிருந்து வந்தவை. தேய்ந்த வைஸ், நீள மூக்கு ஆயில் கேன், கறுத்துப்போன மேசை, ஆணியில் வரிசையாக ஸ்பேனர்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மாமா ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "பனியன் வேஸ்ட் ஒண்ணுதான் இல்ல. கையை எதுல தொடைச்சாங்க?" நாற்பது நிமிடம் அங்கேயே போயிற்று, நான் இரண்டு காபி குடித்தேன். சிறுவர்களுக்கு அங்கே அவ்வளவு பிடிக்காது. அவர்களுக்கு ஆரஞ்சுப் பழ வடிவக் கார் இருக்கிறது. 1970-களில் ஒரு பழக் கம்பெனி விளம்பரத்துக்காக மினி காரின் பாகங்களை வைத்துச் செய்தது. சக்கரங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் பிரேக் பிடித்ததும் பழம் உருண்டுவிடும் என்று பின்னால் கனம் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லுங்கள், சிரிப்பான்.

நேரம் மிச்சமிருந்தால் ரகசியப் படை கண்காட்சியில் ஒரு நடை நடந்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த எஸ்டேட்டின் வீடுகளில்தான் பிரிட்டிஷ் உளவாளிகளுக்குக் கடைசிக் கட்டப் பயிற்சி நடந்தது, மூவாயிரம் பேருக்கு மேல். திப்பு சுல்தான் வழியில் வந்த நூர் இனாயத் கானும் இங்கே பயின்றுதான் பாரிஸ் போனார். 1944-ல் நாஜிகள் டாக்காவ் வதைமுகாமில் அவரைக் கொன்றார்கள்.

ஆற்றோரமாக நடந்தால் பக்லர்ஸ் ஹார்டு என்ற பழைய கப்பல் கட்டும் ஊர் வரும். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் அகமெம்னன் போர்க்கப்பல் அங்கே கட்டியதுதான். 2003-ல் பெர்சியா கப்பலிலிருந்து மீட்ட பொருள்களும் அங்கேதான் இருக்கின்றன. தனி டிக்கெட், நான்கு கிலோமீட்டர். சிறுவனை வைத்துக்கொண்டு ஒரே நாளில் வேண்டாம், நாங்களும் போகவில்லை.

டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். உள்ளே உணவகம் உண்டு, ஆனால் ஆகஸ்டில் மதிய வரிசை நீளம். நாங்கள் எலுமிச்சை சோற்றோடு புல்தரையில் உட்கார்ந்துவிட்டோம். திரும்பும் டாக்ஸியைக் காலையில் இறங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் ப்ரோக்கன்ஹர்ஸ்ட்.