வேதியியலில் மோல் எதற்கு? கிராமில் சொன்னால் போதாதா?

போதாது. வினையில் மூலக்கூறுகள் எண்ணிக்கைப்படிதான் சேர்கின்றன, எடைப்படி அல்ல. தண்ணீர் உருவாக 2 ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 1 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். சரி, இரண்டிலும் 4 கிராம் எடுத்து எரித்தால் என்ன ஆகும்? ஆக்சிஜன் மூலக்கூறு சுமார் 16 மடங்கு கனமானது. அதனால் 4 கிராம் ஆக்சிஜனுக்கு அரை கிராம் ஹைட்ரஜனே போதும், மீதி 3.5 கிராம் அப்படியே நின்றுவிடும். தராசில் சமமாக இருந்தவை எண்ணிக்கையில் சமமாக இல்லை.

ஒவ்வொன்றாக எண்ணவும் வழியில்லை. அதற்காகத்தான் மோல். அது வெறும் எண்ணிக்கை: 6.02214076 × 10²³. முன்பு 12 கிராம் கார்பன்-12ல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று வரையறுத்திருந்தார்கள். 2019 முதல் இந்த எண்ணே வரையறை. (இந்த எண்ணுக்கு அவகாட்ரோ எண் என்று பெயர். ஆனால் இதைக் கணக்கிட்டவர் இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ அல்ல. 1909ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் அவர் நினைவாக வைத்த பெயர் அது.)

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். மூலக்கூறு நிறையை, அதாவது அதிலுள்ள அணுக்களின் அணு நிறைகளைக் கூட்டினால் வரும் எண்ணை, அப்படியே கிராமில் எடுத்தால் 1 மோல் கிடைத்துவிடும். தண்ணீருக்கு அது 18. ஆக, 18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு வாய்த் தண்ணீர், 1 மோல். தராசை வைத்தே மூலக்கூறுகளை எண்ணிவிட்டோம்!

அப்புறம் ஒன்று: '1 மோல் ஆக்சிஜன்' என்று கணக்கில் வந்தால் அணுவா மூலக்கூறா என்று பாருங்கள். அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32. பலர் தவறுவது இங்கேதான்.